தந்திரக்காரனும் பதினோராவது பெயரும்

நாடகம் எழுத உட்கார்ந்தால் எனக்கு உட்காரவே வராது. ஒரு வசனம் எழுதுவேன், எழுந்து போய் அடுப்பைத் துடைப்பேன். இன்னொரு வசனம் எழுதுவேன், கொடியில் கிடக்கிற துணியை எடுக்கப் போவேன், அது காயவில்லை என்று கண்டு மறுபடி போட்டுவிட்டு வருவேன். போர்ட் பிளேரில், மின்னி பே பகுதியில் எங்கள் குவார்ட்டர்ஸின் தரை மெலிசு. கீழ் வீட்டம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்தால், "மேடம், நேத்து எத்தன கிலோமீட்டர் நடந்தீங்க வீட்டுக்குள்ள?" என்று கேட்பார். இந்த வருஷம் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அவ்வளவு நடை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருக்கிறது, நாடகம் இன்னும் முடியவில்லை.

எங்கள் சங்கம் பொங்கலுக்குப் போடும் நாடகத்தைப் பல வருஷமாக நான்தான் எழுதுகிறேன். வேறு ஆள் கிடைக்காததுதான் காரணம், அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நடிக்கிறவர்கள் ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர், ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர், இன்னும் நாலைந்து பேர். ஆளுக்கொரு வேஷம் உண்டு. அதை மாற்ற நினைத்தால் சங்கமே உடைந்துவிடும். உயரமான குமாஸ்தா கதாநாயகன். மேடையில் அடி வாங்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். ஹார்ட்வேர் கடைக்காரர் வில்லன். வெளியே ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர், புருவம் மட்டும் அப்படி அமைந்துவிட்டது. நர்ஸம்மா தாய். இருமிக்கொண்டே மகனுக்காகக் காத்திருப்பார். அறிவுரை சொல்லும் பெரியவருக்கு, அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவருக்குத் தாடியை ஒட்டிவிடுவோம்.

இந்த நாலு பேரையும் வைத்துக்கொண்டு கதையை ஒரு அடிகூட நகர்த்த முடியாது என்பதை எழுதி எழுதித்தான் கற்றுக்கொண்டேன். கதாநாயகன் நேராக நடப்பான், வில்லன் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான், தாய் அழுவாள், பெரியவர் பேசிவிட்டுப் போய்விடுவார். அப்படியே நிற்கும். ஜன்னல் வழியாக ஒருத்தன் குதித்தால்தான் கதை ஓடும். அவன்தான் தந்திரக்காரன். உலகத்துக் கதைகளிலெல்லாம், நரியாகவோ காகமாகவோ சமையல்காரனாகவோ, அவன் இருக்கிறான். வில்லனுக்கு ஊரே வேண்டும், இவனுக்கு இன்றைய சாப்பாடு போதும். இவன் சட்டத்தை உடைப்பதில்லை. அதையே தலைகீழாகப் பிடித்துக் காட்டுகிறான். பொழுதெல்லாம் கவுண்டர் முன்னால் கைகட்டி நின்று பழகிய ஜனங்களுக்கு அவனைப் பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிப்பு வருகிறது. எனக்கும் வரும்.

எங்கள் நாடகங்களில் அந்த வேஷம் என் தம்பிக்கு. மேக்கப்கூடத் தேவையில்லை. சௌல்தாரி கிராமத்தில் கொஞ்சம் பாக்கும் தென்னையும் வைத்துக்கொண்டு, மற்ற நாளில் கட்டட வேலைக்கு சூப்பர்வைசராகப் போகிறான். சின்ன வயதிலிருந்தே ஊருக்குக் காது குத்துகிறவன். நாங்கள் ஸ்கூல் படிக்கும்போது லீவுக்குக் கப்பலில் மெயின்லேண்ட் போனோம். பங்க் கிளாஸில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்த படுக்கை எங்களுக்குக் கிடைக்கவில்லை. தம்பி போய், மேல் டெக்கில் டால்பின் கூட்டம் தெரிகிறதாம் என்று நாலு பேர் காதில் போட்டான். திரும்பி வருவதற்குள் அப்பாவும் அம்மாவும் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தார்கள். அப்பா அவனைத் திட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு ஒரு போட்டைப் பற்றி. நாலு வருஷம் முந்தி நடந்தது.

அப்போது நான் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் ஃப்ரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். என் கணவருக்கு போர்ட் பிளேரில் வேலை. மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு என்னோடு வந்து இருந்தாள். நர்சிங் சீட்டுக்கு லிஸ்டில் பெயர் வந்துவிட்டது, ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் சர்டிஃபிகேட்டுகளோடு போர்ட் பிளேரில் ஆஜராக வேண்டும். வராதவர்களின் சீட் அடுத்த பெயருக்குப் போய்விடும். அதே வாரம் மழை பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளிப்பில் மூன்று நாள் ஒரு போட்டும் ஓடவில்லை. நாளைக்குக் காலை அவள் அங்கே இருக்க வேண்டும் என்ற நிலையில், மத்தியானம் ஒரு கவர்மென்ட் போட் வருகிறது என்று செய்தி வந்தது. முந்தைய தீவிலேயே நிறைந்து வருகிறதாம், ஹேவ்லாக்கில் இருபது பேரைத்தான் ஏற்றுமாம்.

இந்த மாதிரி நாட்களில் போட் ஏறுகிற துறையில், ஜெட்டியில், எங்கள் ஊர் ஜனங்கள் தாங்களாகவே ஒரு லிஸ்ட் போட்டுக்கொள்வார்கள். கவுண்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் எல்லோரும் கட்டுப்படுவார்கள். வந்த வரிசையில் பேரை எழுதுவது, அவ்வப்போது ஹாஜிரி எடுப்பது. பேரை மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் கோடு போட்டுவிடுவது. வீட்டில் படுத்துக்கொண்டு லிஸ்டில் மட்டும் பேர் வைத்திருக்கிறவர்களை ஒழிக்க ஏற்பட்ட வழக்கம் அது. நியாயமான வழக்கம்தான். அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா மழையில் நனைந்து மக்கர் செய்தது. என்னிடம் ரிசார்ட் பேனா இருந்தது, கையெழுத்தும் திருத்தமாக இருக்கும். லிஸ்ட் என் கைக்கு வந்தது. என் மகளின் பெயரை இருபத்தேழாவதாக நானே எழுதினேன்.

பதினோராவது பெயர் ஒரு பெங்காலி அம்மாளுடையது. எங்கள் ரிசார்ட் கிச்சனுக்குக் கீரையும் வெண்டைக்காயும் கொண்டுவருகிறவர். நான் அவரை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன், அவரும் என்னை தீதி என்பார். மழை தொடங்குவதற்கு முந்தின நாள் அவர் கணவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. மச்சினர் போட்டில் போர்ட் பிளேருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு மறுநாள் போகலாம் என்று இருந்த இவர் இங்கே மாட்டிக்கொண்டார். ஜெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார். அவர் பேசியது எங்கள் தீவு ஹிந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"காலைல போன்ல பேசுனார் தீதி. வாய் குழறுது, ஆனா பேசுறார். எங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். போன்ல சொல்ல மாட்டாராம், நேர்ல வான்னு சொல்றார்."

"என்ன விஷயமா இருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியல. முப்பது வருஷமா ஒண்ணும் சொன்னதில்ல அந்த மனுஷன்" என்று சொல்லிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பியும் அங்கே இருந்தான். ஹேவ்லாக்கில் ஏதோ கட்டட வேலைக்கு வந்தவன் மழையில் மாட்டிக்கொண்டு என் ரூமில்தான் தங்கியிருந்தான். இருபது, இருபத்தேழு என்று விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, ஏழு பேரு போகணும்."

"போகணும்னா?"

"நீ பேசாம இரு. நான் பாத்துக்குறேன்."

டீக்கடைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு. அஞ்சாம் நம்பர் பீச்சில் ஒரு பிரைவேட் போட் வந்து ஸ்பெஷலாக ஆள் ஏற்றுகிறதாம், டிக்கெட் அங்கேயே தருகிறார்களாம். மெயின்லேண்ட்காரர்களாக இருந்தால், எங்கே அறிவிப்பு, யார் சொன்னது என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்க மாட்டோம். கப்பல் வருகிறது, போட் போகிறது, இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை, எல்லாமே எங்களுக்கு வாய்வழிச் செய்திதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஏறியிருக்கிறோம், இறங்கியிருக்கிறோம். அந்தக் கொந்தளிப்பில் அஞ்சாம் நம்பர் பீச்சில் ஒரு டிங்கிகூடக் கரையை ஒட்ட முடியாது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் கொஞ்சம் பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் ஷட்டர் உயர்ந்தது. "ஹாஜிரி எடு அக்கா" என்றான் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு.

நான் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆள் இல்லாத பெயருக்கு மூன்று தடவை கூப்பிட்டுக் கோடு போட்டேன். மகளுக்கு முன்னால் இருந்தவர்களில் ஆறு பேர் பீச்சுக்குப் போயிருந்தார்கள். ஆறுதான். என் மகள் இருபத்தொன்றாவது. இன்னும் ஒருத்தர் போக வேண்டும்.

வரிசை மாறாமல்தான் கூப்பிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. பத்தாவது பெயரைக் கூப்பிட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தேன், தீதி இடத்தில் இல்லை. அவருடைய மூட்டை மட்டும் இருந்தது. பீச்சுக்குப் போகவில்லை. முப்பது அடி தள்ளிக் குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பதினொன்றை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குப் போனேன். வரட்டும் என்று நினைத்துத்தான் விட்டேன், அது சத்தியம். கடைசி வரை போய், எண்ணிப் பார்த்து, இருபத்தொன்று என்று தெரிந்த பிறகுதான் பதினொன்றுக்குத் திரும்பினேன். அவர் இன்னும் குழாயடியில்தான் இருந்தார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேப்பரைப் பார்த்துக்கொண்டே அவர் பெயரை மூன்று தடவை சொன்னேன். கூப்பிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. சொன்னேன். எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் உப்பை எடுங்கள் என்று சொல்வோமே, அந்தக் குரலில். பிறகு கோடு போட்டேன்.

தீதி திரும்பி வந்தபோது டிக்கெட் கொடுத்து முடிந்துவிட்டது. லிஸ்டை எட்டிப் பார்த்தார். "என் பேரு?" என்றார்.

"மூணு தடவ சொன்னேன் தீதி" என்றேன். பொய் இல்லை பாருங்கள்.

அவர் சண்டை போடவில்லை. கவுண்டரில் போய்க் கெஞ்சினார். அந்த ஆள் நான் எழுதிய லிஸ்டைக் காட்டி, உங்கள் ஆட்கள் போட்டதுதானே அம்மா என்றார். என் மகள் போட்டில் ஏறினாள். ஏறியதும் திரும்பிக் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். தீதி எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று இரவிலிருந்து கடல் மறுபடி மோசமாகி, அடுத்த போட் இரண்டு நாள் கழித்துத்தான் போனது.

மகளுக்கு சீட் கிடைத்தது. இப்போது கடைசி வருஷம். அந்த வருஷமே நான் வேலையை விட்டுவிட்டு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன். தீதியின் கணவருக்கு என்ன ஆயிற்று என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை.

ஆனால் கதையை மட்டும் வீட்டில் விடவே இல்லை. காதுகுத்து, பிறந்தநாள், புதுமனை, எந்த விசேஷமானாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "மாமா, அந்த அஞ்சாம் நம்பர் போட்டு!" தம்பி எழுந்து நின்று நடித்தே காட்டுவான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், ஆட்டோவுக்கு அடித்துக்கொண்டவர்கள், மணலில் நின்று வெறும் கடலைப் பார்த்துக் கையாட்டியவர்கள். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். நான் அந்த நேரத்தில் பாத்திரம் எடுக்கப் போய்விடுவேன். லிஸ்டை யார் வாசித்தது என்று அந்தக் கதையில் வருவதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இந்த வருஷ நாடகத்துக்கு அதையே எழுது என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். எழுத ஆரம்பித்ததும் ஒரு விஷயம் இடித்தது. தந்திரக்காரன் கதையில் ஏமாறுகிறவன் நல்லவனாக இருக்கக் கூடாது. பேராசைக்காரனாகவோ, கர்வம் பிடித்தவனாகவோ, குறைந்தபட்சம் முட்டாளாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜனங்களுக்குச் சிரிப்பு வராது. எல்லாக் கதைகளிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், இத்தனை வருஷம் எனக்கு அது உறைக்கவே இல்லை. கதை கேட்கிறவர்கள் எப்போதும் தந்திரக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவளின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

ஆகவே நானும் செய்தேன். பீச்சுக்கு ஓடிய ஆறு பேரை ஒரு லஞ்ச அதிகாரி, ஒரு கஞ்ச வியாபாரி, ஒரு குடிகாரன், இன்னும் மூன்று வெட்டிப்பேச்சுக்காரர்கள் என்று மாற்றினேன். நிஜத்தில் அவர்களில் ஒருவர் ஸ்கூல் வாத்தியார், ஒருத்தி மாசமாக இருந்தவள். எழுதும்போது கை கொஞ்சமும் கூசவில்லை. பதினோராவது ஆள்தான் எதற்கும் அடங்கவில்லை. நாலு நாள் நடந்தேன். அடுப்பு பளபளவென்று ஆகிவிட்டது. கடைசியில் அவரை ஊர் வம்பு பேசுகிற, வாய் ஓயாத ஒரு பொம்பளையாக எழுதினேன். போட்டுக்குக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் வம்பளந்துகொண்டிருக்கிறாள், போட் போய்விடுகிறது. கைதட்டல் நிச்சயம். லிஸ்டை வாசிப்பதையும் தம்பி வேஷத்துக்கே கொடுத்துவிட்டேன்.

ரிகர்சலில் அந்தப் பக்கம் வந்ததும் தம்பி பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்தம்மா வம்பு பேசுற ஆளா?"

"நாடகம்டா."

"எம் பொய்ய நம்பலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஒரே ஆளு அந்தம்மாதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் சொன்னப்ப, எங்கயும் வரமாட்டேன், இங்கயே இருப்பேன்னு சொல்லிச்சு." பாக்கெட்டிலிருந்த பேப்பரை எடுத்து என் கையில் கொடுத்தான். "நான் ஆறு பேருக்குத்தான் அல்வா குடுத்தேன். ஏழாவது என் கணக்குல வேணாங்க்கா. நான் நடிக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியுமா?"

"ஒங்கொரல் எனக்குத் தெரியாதா? மைக்கே இல்லாம ஹால் முழுக்கக் கேக்கும். அன்னிக்கு ரெண்டடி தள்ளி நின்ன எனக்கே கேக்கல."

நாலு வருஷமாக இவன் விசேஷ வீடுகளில் குதித்துக் குதித்து நடித்ததெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னைப் பார்க்க மாட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாமல், டீ குடித்து வந்தவர்களையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிக் கத்தினேன். ஹால் முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை போட்டில் ஹேவ்லாக் போனேன். கணவரிடம் பழைய ரிசார்ட்டில் ஒரு பேப்பர் வாங்க வேண்டும் என்றேன். இரண்டரை மணி நேரமும் சீட்டில் உட்காராமல் டெக்கில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். சொல்ல வேண்டியதை ஹிந்தியில் மனப்பாடம் செய்தேன். உங்களைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் கோடு போட்டேன். அவ்வளவுதான். நாலு வார்த்தை. அதற்குப் பிறகு அவர் திட்டட்டும், செருப்பைக் கழற்றட்டும்.

மூணாம் நம்பர் மார்க்கெட்டில் அவர் கடை அதே இடத்தில் இருந்தது. முன்னால் காய்கள், பின்னால் ஒரு பெஞ்ச். பெஞ்சில் ஒரு மனிதர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உயிரோடு இருக்கிறார் என்று பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

தீதி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கையில் இருந்த தராசுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். பக்கத்தில் ஒரு இளம்பெண் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மகள் என்று ஜாடையில் தெரிந்தது.

"நாலு வருஷம் முந்தி, ஜெட்டியில, மழை நாள்..." என்று ஆரம்பித்தேன். ஹிந்தி எல்லாம் மறந்துபோய்விட்டது. "அந்த லிஸ்ட் வாசிச்சது..."

அந்தப் பெண் தெளித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "அம்மா! இவங்கதானா அந்த லிஸ்ட்வாலி?"

லிஸ்ட்காரி. எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. வேஷம் கொடுத்தே பழகிய எனக்கு, தெரியாத ஒரு வீட்டில் நாலு வருஷமாக ஒரு வேஷம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வில்லி வேஷம், சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணோ ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க, உக்காருங்க, டீ வாங்கிட்டு வரேன்" என்று ஓடினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் போனதும் தீதி என் பக்கம் குனிந்தார். வெண்டைக்காயைப் பொறுக்குகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, கணவருக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நான் போய்ச் சேர்றதுக்கு முந்தின ராத்திரி மறுபடி இழுத்துக்கிச்சு. பேச்சு போயிடுச்சு. நாலு நாள் கழிச்சு முழிச்சு என்னைப் பாத்து அழறார், வாயத் திறந்து திறந்து மூடுறார். சொல்ல வேண்டியத சொல்லலன்னு அழுக. அப்புறமும் மாசக்கணக்கா அப்படித்தான், சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. என்ன செய்வேன் சொல்லுங்க. ஒரு நாள் சொல்லிட்டேன். நீங்க சொன்னீங்களே, நான் அன்னிக்கே வந்துட்டேனே, உங்களுக்கு ஞாபகம் இல்லியா, எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னீங்களேன்னு."

"நம்பினாரா?"

"மொதல்ல நம்பல. கையால இப்படிக் காட்டுறார்." அலை மாதிரி விரலை ஆட்டினார். "போட் ஏதுன்னு கேக்குறார். அப்பதான் உங்கள உள்ள கொண்டாந்தேன் தீதி. நான் குழாயடியில இருந்தேன். லிஸ்ட் வாசிச்ச அம்மா என் பேர எட்டூருக்குக் கேக்குற மாதிரி கத்திக் கூப்பிட்டாங்க. நான் பாட்டிலப் போட்டுட்டு ஓடிவந்தேன், ஏறிட்டேன். நம்பிட்டார். அன்னிக்கு ராத்திரிதான் தூங்குனார். மகளுக்கும் இதுதான் தெரியும். அப்ப அவ மெயின்லேண்ட்ல இருந்தா."

"தீதி, நான் உங்களைப் பாத்தேன்..." என்றேன்.

"தெரியும்" என்றார். "குழாயடியிலிருந்து திரும்பினப்ப உங்க முகத்த நானும் பாத்தேன். அதை இங்க சொல்லாதீங்க." வெண்டைக்காயைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "உங்க பொண்ணு?"

"நர்சிங். கடைசி வருஷம்."

தலையை ஆட்டினார். பையின் வாயை முடிச்சுப் போட்டார்.

மகள் டீயோடு வந்துவிட்டாள். அப்பாவின் காதருகே குனிந்து, சத்தமாக, யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அவர் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் முகத்தின் அசைகிற பாதி மலர்ந்தது. அவரால் ஒரு கையைத்தான் தூக்க முடியும். அந்த இடது கையைத் தூக்கி, நடுங்க நடுங்க நெற்றிக்குக் கொண்டுபோய், எனக்குக் கும்பிடு போட்டார்.

நான் இரண்டு கையையும் கூப்பினேன். தீதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே வாயைத் திறந்துவிடுவேனோ என்று. போட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அடுத்த போட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.